ஸ்டாப் தவறியவர்கள்

ஒரு விஷயம் எழுதத் தகுந்ததா இல்லையா என்று பார்க்க அவர் ஓர் அளவுகோல் வைத்திருந்தார். ஓடும் பேருந்தில் அதைச் சொல்லிப் பார்ப்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவராவது தன் ஊரில் இறங்க மறந்துபோனால் அது எழுத வேண்டிய விஷயம். எல்லோரும் ஒழுங்காக இறங்கிவிட்டால் அன்றைக்கு எழுதமாட்டார்.

“ஸ்டாப்ப வுடணும்டா காலேஜு. அப்பதான் அது மேட்டரு. மத்ததெல்லாம் வெறும் பேச்சு” என்பார்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பேருந்தில் அவர் கண்டக்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. காதில் பேனா, காலரில் விசில். கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிப்பார். யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. எல்லோருடைய ஸ்டாப்பும் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோன ஒரு தாத்தா அவருக்கு முண்டியம்பாக்கம். பூக்கூடையோடு ஏறும் இரண்டு பெண்கள் விக்கிரவாண்டி. நான் காலேஜு.

அந்த அளவுகோலுக்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார். எவ்வளவு சூடாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஸ்டாப் வந்தால் பேச்சை நிறுத்துவார். ஊர்ப் பெயரை இரண்டு முறை உரக்கக் கூவுவார். “கூவாம வுட்டா அது ஏமாத்து. ரெண்டு வாட்டி கூவி, அப்பவும் குந்திக்கினு இருந்தாதான் கணக்கு.” தவறியவரை அடுத்த ஸ்டாப்பில் இறக்கும்போது தானும் கூடவே இறங்குவார். கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து, எதிரே வரும் வண்டியை மறித்து, “நம்ம ஆளுபா, டிக்கெட் போடாத” என்று ஏற்றிவிட்டு ஓடி வருவார். அதுவரை டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு திட்டுவார். “இவரு கதை சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த வண்டிக்காரன் நம்ம சனத்த எல்லாம் ஏத்திக்கினு பூட்டான்.”

எனக்குத் தெரிந்து முதலில் தவறியது நான்தான்.

எங்கள் ஊர், நெடுஞ்சாலையில் சாலை பிரியும் கூட்ரோட்டிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். கரும்பு வெட்டுகிற வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், ஒருநாள் காலை அவர் பேசிக்கொண்டிருந்தார்.

“நம்ம பக்கம் ஒரு ஊருல கிராம சபை நோட்டுக்குக் காலு மொளச்சிருக்குதுபா. கூட்டத்துக்கு சனம் போறதில்ல. கூட்டம் சனத்தத் தேடிக்கினு வூடு வூடா வருது. ஒரு அம்மா கேக்குது, ‘இன்னாத்துக்குப்பா கைநாட்டு?’ ‘நீ கூட்டத்துக்கு வந்தியே, அதுக்கு.’ ‘நான் எப்பப்பா வந்தேன்?’ ‘இனிமேதான் வரப்போற, ஜல்தி வையி!’”

பேருந்தே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு அந்த நோட்டு வந்திருந்தது. அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து, எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவன் நான். படித்த பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்று நோட்டைக் கொண்டுவந்தவரும் பாராட்டிவிட்டுப் போனார்.

நினைவு வந்தபோது பேருந்து நிலையம் வந்திருந்தது.

“யோவ் காலேஜு, ரெண்டு வாட்டி கூவுனேனே, காதுல இன்னா வச்சிருந்த?”

“அந்த நோட்டு எங்க வீட்டுக்கும் வந்துச்சிண்ணா.”

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்தார். “அப்ப இத எழுதிற வேண்டியதுதான்” என்றார்.

எழுதுவது என்றால் அதுவரை அவருக்கு டிக்கெட் கணக்கு எழுதும் பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கம். நான்தான் இணையத்தில் ஒரு வலைப்பூ தொடங்கலாம் என்றேன். கல்லூரிக் கணினியில் தொடங்கினேன். ‘இறங்குறவங்க முன்னாடி வாங்க’ என்று அவரே பெயர் வைத்தார். ஓடுகிற வண்டியில் போனில் தட்டினால் எழுத்தெல்லாம் குதிக்கிறது என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் டிரிப் ஷீட்டில் எழுதித் தருவார், நான் தட்டச்சு செய்து ஏற்றுவேன். நாலு வருடம் அப்படித்தான் நடந்தது.

முதல் பதிவை ஏழு பேர் படித்தார்கள். மறுநாள் பெருமையாகச் சொன்னேன்.

“யாரு அந்த ஏழு பேரு?”

“அது தெரியாதுண்ணா. எண்ணிக்கை மட்டும்தான் காட்டும்.”

“எங்க எறங்கறவங்கன்னு கூடவா தெரியாது? ஆளே தெரியாம எப்பிடிடா டிக்கெட் கிழிக்கறது?”

அவருக்கு அது கடைசிவரை பிடிபடவே இல்லை. ஏழு பேர் எழுநூறு பேரானபோதும், “அதுல நம்ம வண்டில வர்றவங்க எத்தினி பேரு?” என்றுதான் கேட்டார். படித்துவிட்டு யாராவது பேருந்தில் ஏறி, “நேத்து எழுதினது நீதானா?” என்று கேட்டால் அன்று முழுக்க விசில் சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

எல்லாக் கட்சிக்காரர்களும் அந்தப் பேருந்தில் ஏறுவார்கள். எல்லோரைப் பற்றியும் எழுதினார். ஒரு தடவை ஒன்றியப் பிரமுகர் ஒருவர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

“இன்னாபா, நம்மளப் பத்தி ஏதோ எழுதிக்கினு கீறியாமே?”

“உங்களப் பத்தி இல்லிங்ணா. உங்க பேனரப் பத்தி. நிழற்குடைய மறச்சிக்கினு நிக்குது. உள்ள குந்துறவங்களுக்கு வண்டி வர்றது தெரியல.”

“நீ எந்தக் கட்சி, அதச் சொல்லு மொதல்ல.”

“எறங்குறவங்க கட்சிண்ணா. உங்களுக்கு விக்கிரவாண்டிதான? முன்னாடி வாங்க.”

அந்த பேனர் இரண்டு நாளில் இடம் மாறியது. கிராம சபை நோட்டைப் பற்றி எழுதியதற்கு அடுத்த கூட்டம் எங்கள் ஊர் வேப்பமரத்தடியில் உண்மையாகவே நடந்தது. அம்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். “சேர் போட்டாங்கடா” என்று மட்டும் சொன்னாள். அதை அவரிடம் சொன்னேன். டிரிப் ஷீட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து எதையோ படிப்பதுபோல நின்றார். கண் கலங்கியிருந்தது.

இனி அந்தப் பாலம்.

கூட்ரோட்டில் நெடுஞ்சாலைக்கு மேம்பாலம் கட்டியபின், பேருந்துகள் கீழே சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஊருக்குள் வர வேண்டும். வராது. நாலு நிமிடம் மிச்சம் பிடிக்கப் பாலத்து மேலேயே ஆளை இறக்கிவிட்டுப் போய்விடும். இறங்கியவர்கள் சரிவில் புல்லைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வர வேண்டும். எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் கார்கள் பறக்கிற சாலையை ஓடிக் கடக்க வேண்டும். அவருடைய பேருந்தும் மேலேதான் போனது. தவறியவர்களை அங்கே இறக்கும் நாட்களில் அவர் கூடவே இறங்கிக் கையைப் பிடித்துக் கடத்தியது அதனால்தான்.

அதைப் பற்றி எழுத ஆறு மாதம் முயன்றார். யாரும் ஸ்டாப் தவறவில்லை. “எல்லாருக்கும் தெரிஞ்ச கஷ்டம்டா. தெரிஞ்சதச் சொன்னா எவன் கேப்பான்?” என்று அலுத்துக்கொண்டார். பிறகு தேர்தல் வந்தது. அவருக்கு ஒரு கதை கிடைத்தது.

ஒரு வேட்பாளர் கூட்ரோட்டில் பேச வந்திருந்தார். பாலத்துக்கு அடியில் மேடை. அந்தக் கூட்டத்துக்கு வந்த மகளிர் அணியினரை, அவர்கள் வந்த பேருந்து பாலத்து மேலே இறக்கிவிட்டது. நாற்பது பெண்கள், கையில் கொடி, புதுச் சேலை. கீழே வேட்பாளர், “உங்களுக்காகவே இறங்கி வந்தவன் நான்” என்று பேசிக்கொண்டிருக்கிறார். மேலிருந்து பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சறுக்கி வருகிறார்கள். ஒரு பெண் கொடிக்கம்பை ஊன்றி இறங்கி, நேராக மேடைக்குப் பின்னால் வந்து விழுகிறார். விழுந்தவர் எழுந்து மைக்கைப் பார்த்துக் கேட்கிறார், “நீ எந்த வழியா எறங்குனபா?”

சந்தோஷத்தில் அவருக்குக் கை நிற்கவில்லை. வேட்பாளர் குரலில் ஒரு முறை, அந்தப் பெண்ணின் குரலில் ஒரு முறை என்று என்னிடம் நடித்தே காட்டினார். மறுநாள் மதியம் விழுப்புரத்திலிருந்து கிளம்பிய டிரிப்பில் அதைச் சொன்னார். நான் அந்த வண்டியில் இல்லை. அதற்குப்பின் நடந்ததை அவர் எழுதிக் கொடுத்த தாளிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

விக்கிரவாண்டியில் ஏறிய ஓர் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல். மடியில் ஒரு பை வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை. கூட்ரோட்டுக்கு முந்தின ஸ்டாப், செங்கல் சூளை. அங்கே இறங்க வேண்டியவர், இறங்கவில்லை. பாலத்து மேலே இறக்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிச் செல்லும் வண்டியைப் பிடிக்கச் சாலையைக் கடந்திருக்கிறார்.

திண்டிவனம் போய்விட்டு அதே பேருந்து திரும்பி வந்தபோது பாலத்தில் வண்டிகள் நின்றிருந்தன. அவர் இறங்கி முன்னால் நடந்து போனார். சாலை முழுக்க மல்லாட்டை.

அன்று மாலை என் கையில் டிரிப் ஷீட்டைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. “மாத்தாம போடு” என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். பாலத்தைப் பற்றி, மேலேயே போகும் பேருந்துகளைப் பற்றி, தன் பேருந்தும் அப்படிப் போகும் என்பதைப் பற்றி. மகளிர் அணிக் கதை ஒரு வரிகூட இல்லை. அவர் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. கடைசியில் ஒரு பாரா இருந்தது. அதைத் தட்டச்சு செய்தேன். படித்தேன். அழித்தேன்.

அழித்ததற்கு அன்று என்னிடம் காரணங்கள் இருந்தன. போலீஸ் கேஸ் அவர்மேல் திரும்பும். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். இவை உண்மையான காரணங்கள்தான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. அந்தப் பாரா இருந்தால் படிக்கிறவர்கள் பாலத்தை விட்டுவிட்டுக் கண்டக்டரைப் பிடித்துக்கொள்வார்கள், கட்டுரையின் வேகம் போய்விடும் என்று நினைத்தேன். கல்லூரியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன் அல்லவா நான். எதை வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பதிவு பரவியது. விழுப்புரம் வாட்ஸாப் குழுக்கள், திண்டிவனம் குழுக்கள், சென்னையில் இருக்கும் நம் ஊர்ப் பையன்கள், துபாய். எண்ணிக்கை கண்முன்னே ஏறியது. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் கேட்டாள்:

“அந்தம்மா ஏன்டா அங்க எறங்குச்சி?”

“பஸ்ஸு அங்கதான்மா எறக்கி வுடும்.”

“அது சரி. கையில மல்லாட்டையோட எதிர்ப்பக்கம் எதுக்குப் போச்சி? அதுக்கு எந்த ஊரு?”

அத்தனை ஆயிரம் பேரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் அவரிடம் போனேன். “அண்ணா, இருபதாயிரம் தாண்டிடுச்சிண்ணா” என்றேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைத்தான் முதலில் சொன்னேன்.

“கடைசிப் பாரா எங்கடா?”

“கேஸு ஆயிடும்ணா.”

“ஆவட்டும். போடு.”

“சரிண்ணா, போடறேன்.”

போடவில்லை. நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பாலத்து மேலே தடுப்பு வைத்தார்கள். எல்லாப் பேருந்தும் கீழே வர வேண்டும் என்று உத்தரவு. வந்தன. அவருடைய முதலாளியே கண்ணாடியில் ‘சர்வீஸ் ரோடு வழி’ என்று போர்டு எழுதி மாட்டினார். பதிவைப் படித்தவர்கள் பேருந்தில் ஏறிக் கண்டக்டரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் ஏதோ சொல்ல வாயெடுப்பார். அதற்குள் கையைக் குலுக்கிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

ஒரு வாரம் கழித்து, அவர் நச்சரிப்பு தாங்காமல், தனியாக ஒரு திருத்தம் போட்டேன். அவருடைய வார்த்தைகளில் இல்லை, என்னுடையதில். ‘முந்தைய பதிவில் குறிப்பிடப்பட்ட அம்மையார் இறங்க வேண்டிய நிறுத்தம் செங்கல் சூளை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’ பதினொரு பேர் படித்தார்கள்.

திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். இத்தனை வருடம் ஓடும் வண்டியில் பிடிப்பில்லாமல் நின்றவர், அன்று மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அந்தம்மா ஸ்டாப்பு அது இல்லிங்க” என்றார். “அவங்க எறங்காததுக்கு நான்தான் காரணம். என் கதையக் கேட்டுக்கினு இருந்தாங்க. பாலம் அப்பறம்தாங்க. மொத தப்பு என்னுது.”

 எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். “பாருங்கள், எவ்வளவு பெரிய மனசு. தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார்” என்று தலைமை தாங்கியவர் மைக்கை வாங்கிச் சொன்னார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். நான் முதல் வரிசையில் இருந்தேன். என் கையும் தட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

கீழே வந்து சால்வையைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். “பைக்க எடு. சூளைக்குப் போவணும்.”

இறந்த அம்மாவின் மகள் அங்கேதான் இருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், இடுப்பில் குழந்தை. எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். “படிச்சேன்ணா. எங்கம்மாவுக்காக நல்லா எழுதியிருந்தீங்க” என்றார்.

கண்டக்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.  முடிந்ததும் அந்தப் பெண் சொன்னார்:

“நான் அந்த ஸ்டாப்புலதான்ணா நின்னுக்கினு இருந்தேன். உங்க வண்டி நின்னுச்சி. யாரும் எறங்கல. சரி, அடுத்த வண்டில வரும்னு இருந்தேன்.”

குழந்தை அவருடைய காலரில் இருந்த விசிலுக்குக் கை நீட்டியது. அந்தப் பெண் அதன் கையை இழுத்துக்கொண்டார்.

“அப்பிடி இன்னா கதைண்ணா அது?”

“வேணாம்மா.”

“சொல்லுங்க. எங்கம்மா கடைசியா கேட்டது.”

சொன்னார். குரல் மாற்றாமல், நடிக்காமல், ஒரு விண்ணப்பத்தை வாசிப்பதுபோலச் சொன்னார். ‘நீ எந்த வழியா எறங்குனபா’ என்ற இடத்துக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் உதடு லேசாக விரிந்தது. “எங்கம்மா சிரிச்சிருக்கும்” என்றார். “ரொம்ப சிரிச்சிருக்கும்.”

பிறகு, கோபமே இல்லாமல், ஒரு உதவி கேட்பதுபோலச் சொன்னார்: “இனிமே பஸ்ல கத சொல்லாதீங்கண்ணா.”

“சொல்ல மாட்டேம்மா.”

அடுத்த நாளிலிருந்து அந்தப் பேருந்தில் டிக்கெட், சில்லறை, ஊர்ப் பெயர் தவிர வேறு சத்தமில்லை. ஊர்ப் பெயரை மூன்று முறை கூவினார். “இன்னாபா, ஒடம்பு சரியில்லியா?” என்று முண்டியம்பாக்கம் தாத்தா கேட்டார். விக்கிரவாண்டிப் பெண்கள் கொஞ்ச நாள் கிண்டல் செய்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். எல்லோரும் அவரவர் ஸ்டாப்பில் சரியாக இறங்கினார்கள். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டார்.

இப்போது நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இருக்கிறார். போன மாதம் பைக்கில் போனேன். அடையாளம் தெரிந்தும் தெரியாததுபோல டேங்க் மூடியைத் திறந்தார்.

“அண்ணா, வலைப்பூவ நான் மூடலண்ணா. நீங்க எழுதித் தந்தீங்கன்னா, ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மெஷினைக் காட்டினார்.

“ஜீரோ பாத்துக்க” என்றார்.

பேருந்துகள் இன்றும் கீழேதான் வருகின்றன. அந்தப் பதிவால்தான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த டிரிப் ஷீட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் கடைசிப் பாரா எந்த இடத்தில் வர வேண்டுமோ அந்த இடத்தில் ஒருநாளும் வந்ததில்லை. மாத்தாம போடு என்றார். ஐந்து வருடம் கழித்து, மாற்றாமல் போடுகிறேன்.

“இதுல ஒண்ணு சொல்லணும். அந்தம்மா ஸ்டாப்பு கூட்ரோடு இல்ல, சூளை. சூளைல நான் ஒரு வாட்டிதான் கூவினேன். எப்பவும் ரெண்டு வாட்டி கூவுவேன். அந்தம்மா சிரிச்சிக்கினே இருந்தாங்க, எனக்கு சந்தோஷமா இருந்துச்சி. பாலத்து மேல அவங்கள எறக்கி வுட்டப்ப நான் அவங்க கூட எறங்கல. எப்பவும் எறங்குவேன். அன்னிக்கு கதைல இன்னும் கொஞ்சம் மீதி இருந்துச்சி.”